முதலாளி கூட்டச் சொன்ன டீசல்

பாம்பன் பாலத்து ஏற்றத்தில் ஒரு மீன் வேன் எங்கள் லாரியை முந்திப் போனது. எல்லாம் அதில்தான் தொடங்கியது. அன்றைக்கு முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மீனை ஏலத்தில் எடுத்து மதுரைக்கு அனுப்பும் மண்டபத்து வியாபாரி அவர். அவருடைய பழைய லாரியை நான் வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கு மட்டும் படகில் ஏறினால் குடலைப் புரட்டும், அதனால் டிரைவரானேன். அந்த வேலையில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

முந்திப் போன வேன் இன்னொரு வியாபாரியுடையது. அதன் டிரைவர் சன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டிவிட்டுப் போனான். முதலாளிக்கு முகம் சிறுத்துவிட்டது.

"என்னப்பா இது, மாட்டு வண்டி கணக்கா போகுது?"

"லோடு கூட மொதலாளி. ஐஸும் சேந்து கனக்குதுல்ல. இந்த ஏத்தத்துல இம்புட்டுத்தான் இழுக்கும்."

அவர் அந்த வேன் போன திசையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு திருவாடானைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து வண்டியை எடுத்தேன். ஆக்சிலேட்டரில் காலை வைத்ததும் பாய்ந்தது. ராமேஸ்வரத்தில் லோடு ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறும்போதும் அப்படித்தான், இறக்கத்தில் போவது போலப் போனது. ஆனால் கண்ணாடியில் பின்னால் ரோடு தெரியவில்லை. ஒரே கரும்புகை.

பாலம் இறங்கியதும் ஒரு பைக் குறுக்கே வந்து நின்றது. கணவன், மனைவி, நடுவில் ஒரு சிறு பெண். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் போல. பெண்ணின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. அவள் இருமிக்கொண்டே இருந்தாள்.

"நீங்கள்லாம் பிள்ளை குட்டி பெத்தவுகதானா? கண்ணு தெரியாமப் பாலத்துச் சுவத்துல முட்டியிருப்போம். வண்டியப் பாக்காம என்னத்த ஓட்டுறீக?" என்று அந்த அம்மா கேட்டார்.

புகை ஏன் இப்படி வருகிறது என்று எனக்கே தெரியாதே. மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்; அவர் வாங்கவில்லை.

அவர்கள் போனதும் வண்டியை ஓரங்கட்டி இஞ்சினைப் பார்த்தேன். இஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று அளந்து தள்ளுவது டீசல் பம்பு. அந்த அளவை யாரும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று, திருகின் மேல் கம்பி கட்டி ஈயத்தில் சீல் வைத்திருப்பார்கள். கம்பி வெட்டியிருந்தது. திருகில் புதிதாகக் கீறல். நான் இல்லாத நேரத்தில் டீசலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மீனை இறக்கிவிட்டுத் திரும்பியதும் நேராக முதலாளியிடம் போனேன்.

"பம்பத் தொறந்தீகளா?"

"ஆமா. இப்ப இழுக்குதுல்ல?"

"டீசல மட்டும் கூட்டுனாப் போதுமா? அது எரியக் காத்து வேணாமா? எரியாதது பூரா புகையா வருது. எரியறது இஞ்சினச் சுடுது. சூடு முள்ளு மேலேயே நிக்குது மொதலாளி."

"புகை வந்தாத்தான்ப்பா பவரு. உனக்கு ஓட்ட இஷ்டமில்லைன்னா சாவிய அங்கன வச்சிட்டுப் போ."

ராமநாதபுரத்தில் எங்கள் வண்டிக்கு வழக்கமாக டீசல் பம்பு பார்க்கும் கடைக்கும் போனேன். மெக்கானிக்கை எனக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணே, பழையபடி வச்சுக் குடுங்க," என்றேன்.

"மொதலாளி சொல்லாம நான் கை வைக்க மாட்டேன்ப்பா."

"தொறக்கும்போது டிரைவரக் கேக்கணும்னு தோணலையா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு மிதிக்காமல் மெதுவாகத்தான் ஓட்டினேன். சூடு ஏறும்போதெல்லாம் நிறுத்தி ஆறவிட்டு எடுத்தேன். பவர் கூட்டிய வண்டி முன்பைவிடப் பிந்தித்தான் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கும் எனக்குத்தான் ஏச்சு. கடைசியில் சத்திரக்குடி தாண்டி, உச்சி வெயிலில், இஞ்சின் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஐஸ் உருகி, தண்ணீர் ரோட்டில் வழிந்து ஓடியது. வேறு வண்டி வந்து மீனை மாற்றுவதற்குள் நாற்றம் எடுத்துவிட்டது.

பட்டறையில் இஞ்சினைப் பிரித்தபோது முதலாளியும் நின்றார், பம்பு மெக்கானிக்கும் நின்றார். பிஸ்டன் ஒன்றின் தலை மெழுகு மாதிரி உருகி, விரல் நுழைகிற ஓட்டை விழுந்திருந்தது. நான் அதைக் கையில் எடுத்து முதலாளியிடம் காட்டினேன்.

"தண்ணி பாக்காம ஓட்டியிருக்கான்," என்று அவர் பட்டறைக்காரரிடம் சொன்னார்.

"தண்ணியில்லாமப் போனா இப்படியா உருகும்? அண்ணே, நீங்களே சொல்லுங்க. சீல வெட்டுனது யாரு?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். "வந்தவுக சொல்றதச் செய்றோம். அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்," என்றார்.

சாவியை அந்த பிஸ்டனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம் முதலாளி. விடவில்லை. இஞ்சினை எரித்தவன் என்று துறைமுகம் முழுக்கச் சொன்னார். வேலை கேட்ட இடத்தில் எல்லாம் "பாத்துச் சொல்றோம்" என்றார்கள். என் மனைவி கருவாட்டுக்கு மீன் எடுக்க மண்டபத்துக்குப் போனபோது, முதலாளி பத்துப் பேர் முன்னால், "உன் வீட்டுக்காரன் என் இஞ்சினையே தின்னுட்டான்" என்றாராம். அவள் கூடையைக் கீழே வைத்தாளாம்.

"அவரு ஓட்டுன வண்டி இத்தன வருசம் என்னைக்காச்சும் வழியில நின்னுச்சா? நீங்க கைய வச்சீக, நின்னுச்சு. அதையும் சேத்து இவுக கிட்டச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவரிடம் மீன் எடுக்காமலேயே வந்துவிட்டாள். என் வாழ்க்கையில் எனக்காக ஒருவர் பேசியதைக் கேட்டு இவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை. ஆனால் கோபம் தணியவில்லை.

பிறகு ஐஸ் கம்பெனி ஒன்றில் வண்டி கிடைத்தது. அங்கே ஒருநாள் என்னைத் தேடி ஒருவர் வந்தார். உச்சிப்புளிக்காரர். நான் விட்ட லாரியை இப்போது அவர்தான் ஓட்டுகிறார். இஞ்சினைப் புதுப்பித்தார்கள், பம்பை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

"சூடு ஏறுதுன்னு சொன்னா என்னையவே ஏசுறாருண்ணே."

அன்றைக்கே இருவரும் லாரியோடு பம்பு கடைக்குப் போனோம்.

"இன்னொருத்தன் பேரையும் கெடுக்கப் போறீகளா?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

அவர் பம்பைக் கழற்றி, சோதித்துப் பார்க்கும் மேடையில் ஏற்றி, அளவு பார்த்து, பழையபடி குறைத்து, புதுக் கம்பி கட்டிச் சீல் வைத்தார். நாங்கள் டீ குடித்து முடித்த சிறிது நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. இந்தச் சின்ன வேலைக்குத்தான் அன்றைக்கு என்னைத் திருப்பி அனுப்பினார்.

முதலாளிக்கு இன்றுவரை தெரியாது. வண்டி இப்போது சூடாவதில்லை, நிற்பதில்லை. பழைய டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை, புது டிரைவர் கைக்கு வந்த பிறகுதான் வண்டி ஒழுங்காக ஓடுகிறது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த உச்சிப்புளிக்காரர்தான் என்னிடம் வந்து சொன்னார், மிகவும் கூச்சத்தோடு.