பதினேழு நிமிடங்கள்

மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு வந்தால் என் கைபேசி யாரும் சொல்லாமலே ஒரு மணி நேரம் முன்னே தாவிவிடுகிறது. அப்போதெல்லாம் பலெர்மோவில் எங்கள் அறையில் தொங்கிய மணிக்கூடு நினைவுக்கு வரும். அதை என் கையாலேயே திருகி, மச்சாளைப் படாத பாடு படுத்தினேன்.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் பலெர்மோவின் கடலோரப் பகுதியான மொண்டெல்லோவில் ஓர் இத்தாலியச் சீமாட்டியின், சிஞோராவின், வீட்டில் வேலை செய்தோம். மச்சாள் கைக்கடிகாரம் கட்டியதே இல்லை. அடுப்பில் பாஸ்தாவை வைத்துவிட்டு மாடியில் துணி மடிப்பார். பதம் வரும் நேரம் பார்த்தாற்போல் இறங்கி வந்து இறக்குவார். சிஞோரா மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு சோதித்துச் சோதித்துத் தோற்றார். எனக்கோ பஸ்ஸுக்கு நிற்கும் ஐந்து நிமிடமே அரை நாள். உங்கள் தலைக்குள் எந்தக் கம்பனி மணிக்கூடு இருக்கிறது என்று கேலி செய்வேன். உள்ளுக்குள் பொறாமைதான்.

போரால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த அண்ணையைப் பற்றி ஐந்து மாதமாக ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது. ஒரு நாளுக்கு மட்டும் செல்லும் பயண அனுமதிப் பாஸில் வவுனியாவுக்கு வருகிறாராம். ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு அங்குள்ள ஒரு போன் கடைக்கு நாங்கள் இங்கிருந்து போன் எடுக்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த தடவை எப்போதென்று யாருக்கும் தெரியாது. ஊருக்கும் எங்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், ஆகவே இங்கே காலை ஏழரை என்று கணக்குப் போட்டேன். இத்தாலியில் கோடைக்காக மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாளும் அதுதான். சிஞோரா நினைவூட்டியபடி தள்ளியும் வைத்திருந்தேன்.

பல்லரோ சந்தையில் எங்கள் ஆள் ஒருவர் நடத்திய போன் கடைக்கு மச்சாளை இழுத்துக்கொண்டு ஓடினேன். இன்னும் நேரம் வரவில்லை என்று வழியெல்லாம் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. ஏழரைக்கு எடுத்தபோது, அப்படி ஒருவரும் வரவில்லை என்றது வவுனியாக் குரல். அண்ணைக்கு என்னவோ நடந்துவிட்டதென்று நினைத்துவிட்டேன். மச்சாள் கடையிலிருந்த நீள மர வாங்கில் போய் அமர்ந்தார்.

"நீ திருகினது இஞ்சத்தை மணிக்கூட்டை. அங்கை ஆர் திருகினது? இப்ப அங்கை பதினொண்டுதான். இரு."

அந்த ஒரு மணி நேரம் எனக்கு நகரவே இல்லை. மச்சாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்க்காமலே, "இப்ப எடு" என்றார். அதில் எட்டரை. முதல் மணி அடித்ததுமே அண்ணையின் குரல். ரிசீவரை மச்சாளிடம் கொடுத்தேன்.

அங்கே வரிசையில் நின்றவர்களுக்காக அண்ணை போனை வைக்க நேர்ந்தது. மச்சாளோ எங்கள் கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். "ஒரு நிமிசம்கூடக் கதைக்கேல்லை, ஏன் வெட்டினனீங்கள்?" அவர் கட்டணச் சீட்டை நீட்டினார். பதினேழு நிமிடம்.

அண்ணை இத்தாலிக்கு வந்துசேர இன்னும் மூன்று வருடம் ஆனது. அதை மச்சாள் நாள் பிசகாமல் சொல்வார். இந்த ஞாயிறும் கைபேசி தாவியதும் மச்சாளுக்குப் போன் எடுத்து, அன்று எவ்வளவு நேரம் கதைத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு நிமிசம்தான் பிள்ளை," என்றார்.