வெளியாளாகவே இருந்த பல் டாக்டர்

பல் டாக்டரம்மா இந்த நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். படித்துப் பட்டம் வாங்கியதெல்லாம் பிறந்த நாட்டில். இரண்டு நாட்டுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அந்த நாட்டுக்காரர்கள் அங்கே வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டே இங்கே பல் வைத்தியம் பார்க்கலாம். அந்தப் புண்ணியத்தில்தான் கடைத்தெரு மாடியில் அவளுடைய கிளினிக் ஓடியது.

வருஷம் தவறாமல் வெளிநாட்டார் அலுவலகத்தில் கால்கடுக்க நின்று அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். போன வருஷம் கொடுத்த கைரேகை இந்த வருஷம் மாறிவிட்டதோ என்பதுபோல் மறுபடி உருட்டி எடுப்பார்கள். அன்றைக்கு வந்த பல்வலிக்காரர்கள் பூட்டிய கதவைப் பார்த்துக் கன்னத்தைப் பிடித்தபடி திரும்புவார்கள். இரண்டு பிள்ளை பெற்று, நாத்தனார் கல்யாணத்தை முன்னின்று நடத்தி முடித்த பிறகும் அவள் வெளியாள்தான்.

மாமியாருக்கு இது பொறுக்கவில்லை. குடியுரிமைக்கு எழுதிப் போடச் சொல்லி மகனைக் குடைந்தெடுத்தாள். ஒருவழியாக ஒப்புதலும் வந்துவிட்டது. பழைய நாட்டுக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து உறுதிமொழி எடுப்பதுதான் பாக்கி. மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கிளினிக் பதிவையும் மாற்ற வேண்டுமே என்று டாக்டரம்மா பல் மருத்துவ கவுன்சிலுக்குப் போனாள். அங்கிருந்த கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார்.

"உறுதிமொழி எடுத்துட்டீங்களாம்மா?"

"இல்ல சார். அடுத்த வாரம்."

"நல்லவேளை. ஒப்பந்தம் அந்த நாட்டுக்காரங்களுக்குத்தான். நீங்க இந்த நாட்டுக்காரி ஆயிட்டா இந்த நாட்டுப் பட்டம் வேணும். கிளினிக்கை மூடிட்டு மறுபடி காலேஜுக்குத்தான் போகணும்."

"இத்தனை வருஷமா நான் பார்த்த பல்லெல்லாம்?"

"அது வெளிநாட்டுக்காரி பார்த்த பல்லும்மா," என்றார். சொன்னவருக்கே சிரிக்கத் தெம்பில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். கிளினிக்கை விட்டுவிட்டுக் கொஞ்சம் ஓய்வாக இருந்தால்தான் என்ன என்று கணவன் நல்லெண்ணத்தோடுதான் கேட்டான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

மாமியார்தான் உடைந்துபோனாள். "நீ எங்க வீட்டு மனுஷின்னு சொல்ல ஒரு காகிதமாவது இருக்கும்னு பார்த்தேன்."

"காகிதம் இல்லாமதானே இத்தனை வருஷம் திட்டினீங்க அத்தை? அப்படியே திட்டுங்க."

"திட்டுறதுக்கும் ஒரு உரிமை வேணாமாடி?"

"அதை யாரும் உங்ககிட்டேருந்து பிடுங்க முடியாது."

மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு, தெருவில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்றாள். மருமகளுக்கு மனம் வரவில்லை என்று பழியைத் தன்மேலேயே போட்டுவிடச் சொன்னாள் டாக்டரம்மா. ஒப்பந்தத்தை வீடுவீடாக விளக்க யாரால் முடியும்?

மறுநாள் காலை, உறுதிமொழி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளினிக்குக்கு வந்தாள். மாடிப்படியில் வீங்கிய கன்னங்களோடு ஆட்கள் காத்திருந்தார்கள். தாமதத்துக்கு முணுமுணுத்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு, முதல் ஆளை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொன்னாள்.