செல்வராஜ் சம்சாரம்

தோழிகளே, குன்னத்துக்குப் பக்கத்தில் நடந்த முகாமில் இன்று என் மகளுக்கு முத்தடுப்பு ஊசி போட்டேன். படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

அங்கே பெண்களைப் புருஷன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "செல்வராஜ் சம்சாரம்!" என்றதும் போய்ப் பாப்பாவுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் மறுபடியும், "செல்வராஜ் சம்சாரம்!"

இப்போது வேறொரு நர்ஸ். நான் நிமிர்ந்து பார்த்ததும் நேரே வந்து, என் மடியிலிருந்த பாப்பாவை வாங்கி, ஊசியையும் எடுத்துவிட்டார்.

"ஐயோ, போட்டாச்சுங்க!" என்று கத்தினேன். பின்னால் இன்னொரு செல்வராஜின் மனைவி, கைக்குழந்தையோடு எழுந்து நின்றாள்.

"இனிமே அவங்கவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன்.

மனைவியோடு வந்திருந்த ஒருவருக்குக் கோபம். "நாலு பேரு முன்னாடி பொம்பள பேரக் கூவுறதா? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?"

பாதிக் கூட்டம் அவர் பக்கம்.

"அப்ப ஒங்க புள்ளைக்கு ரெண்டு ஊசி போட்டுரலாமாண்ணே?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

நர்ஸ், அடுத்த குழந்தையின் சீட்டில் தாய் பெயரைத் தேடிப் படித்தார். "பூங்காவனம்!"

மூன்று முறை கூப்பிட்டும் யாரும் எழவில்லை. கடைசியில் அந்தக் கோபக்காரரே மனைவியை முழங்கையால் இடித்தார். "ஏய், உன்னத்தான். எந்திரி!"

"கல்யாணமானதுலேர்ந்து யாரும் கூப்பிடலீங்களா, மறந்தே போச்சு" என்று சிரித்தபடி எழுந்தாள் பூங்காவனம்.

அதிருக்கட்டும். போன கடித உறையில் 'திருமதி செல்வராஜ்' என்று எழுதியது உங்களில் யார்? பதிலில் என் பேரைப் போடுங்கள். எனக்கும் மறந்துவிடப் போகிறது.