சிவப்புக்குக் கண் தெரியாத ஃபிலிம்

நான் வேலை பார்த்த மூணாறு ஸ்டுடியோவின் ஃபிரிட்ஜில், முதலாளியின் மத்திக் குழம்புச் சட்டிக்குப் பின்னால், என் இரண்டு ரோல் ஃபிலிம் இருந்தன. வேகம் குறைந்த கருப்பு வெள்ளை ஃபிலிம். வேக ஃபிலிமில் எடுத்த முகம் ரவையைக் கொட்டியதுபோல் பொரிப்பொரியாக வரும். இதில் எடுத்தால் சலித்த மாவு, இமை முடிகூடத் தெரியும். கம்பெனிக்காரன் இனி செய்யப்போவதில்லை என்று கைவிரித்த பிறகு, கடைசியாகக் கிடைத்த இரண்டையும் நோயில் கிடந்த அம்மாவுக்காக ஒதுக்கியிருந்தேன். அவள் எழுந்து உட்காரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். முதலாளி காத்திருக்கவில்லை. தன் கல்யாண வெள்ளிவிழாவுக்கு இரண்டு ரோலிலும் தன்னையே எடுக்கவைத்துக்கொண்டார்.

அம்மா எழுந்து உட்காரவே இல்லை. சவப்பெட்டியை வாசலில் வைத்துச் சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வது எங்கள் எஸ்டேட் கிறிஸ்தவர்களின் வழக்கம். மகன் தலைமாட்டில் நிற்க வேண்டும். அதனால் சூரியநெல்லி லயத்து வீட்டு வாசலில் அன்று கேமராவுக்குப் பின்னால் நின்றது முதலாளி. மிச்சம் கிடந்த வேக ஃபிலிமைப் போட்டு எடுத்தார். அம்மா ரவையானாள். கண் எது, வாய் எது என்று பெற்ற மகனுக்கே தெரியவில்லை. நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு அவர் படத்தைக் கொண்டுவந்தபோது, ஏன் முகமே தெரியவில்லை என்று கேட்டேன். வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: “செத்த மூஞ்சிக்கு எதுக்குலே இம்புட்டுத் தெளிவு?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கோமாளி என்று பெயரெடுத்தவன் வேறென்ன செய்வான்? அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

போன வருடம் அவரே என்னைத் தேடி வந்தார். ஸ்டுடியோவை மூடிவிட்டு, பங்குக் கோயிலின் மதுவிலக்குச் சபைக்குத் தலைவராகி, குடும்பக் கல்லறையும் முன்கூட்டியே கட்டி முடித்திருந்தார். “ஏலே, கல்லறையில பதிக்க எனக்கொரு படம் வேணும். கம்ப்யூட்டர் படம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. அந்த மாவு ஃபிலிம்ல எடு” என்றார். “எடுத்திரலாம் மொதலாளி” என்று வாய் முந்திக்கொண்டது. அவர் படியிறங்கிய பிறகுதான் உறைத்தது. இத்தனை வருடம் நான் காத்திருந்த எதிரி தானாக வந்து முகத்தை நீட்டுகிறான், என்னிடம் ஃபிலிம் இல்லை! கோயம்புத்தூர்க் கடைக்காரர், “மியூசியத்துல கேட்டுப் பாருங்க” என்றார். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஃபிலிமை வாங்கி முதலில் என்னையே எடுத்தேன். படத்தில் வந்த பேயைப் பார்த்து நானே சிலுவை போட்டுக்கொண்டேன்.

கடைசியில் வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்தில், எழுத்தைப் படமெடுக்கும் பழைய ஃபிலிம் ஒரு பெட்டி கிடைத்தது. வேகம் ஆமை, தெளிவு கண்ணாடி. சாதாரணமாகக் கழுவினால் வெறும் கருப்பும் வெள்ளையுமாகவே வரும், கழுவும் மருந்தில் தண்ணீரை நிறையக் கலந்தால் முகத்துக்கு வேண்டிய சாம்பலும் கிடைக்கும். அச்சகக்காரர்தான் எச்சரித்தார்: “ஏனுங்க, இதுக்குச் சிவப்பு கண்ணுக்கே தெரியாதுங்க. சிவப்பு வெளக்குலயே வெட்டிக்கலாமுங்க. ஆனா மூக்கு செவந்த ஆள மட்டும் எடுத்துப்போடாதீங்க, கரி பூசுனாப்புல வந்துருமுங்க.”

எனக்கு முதலாளியின் மூக்கு நினைவுக்கு வந்தது. மலைக்குளிரில் சிவந்தது என்று அவர் சொல்லிக்கொள்ளும் மூக்கு. அந்தக் குளிர் எந்தப் பாட்டிலில் இருந்தது என்று அவரிடம் வேலை பார்த்த எனக்குத் தெரியும். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

அவர் வீட்டை ஒட்டி மூடிக்கிடந்த ஸ்டுடியோவின் பழைய மரக் கேமராவில், அளவாக வெட்டிய ஃபிலிமைச் செருகினேன். “ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்கிறவரைக்கும் அசையாதீங்க மொதலாளி” என்றேன். என் வாழ்நாளில் அத்தனை பக்தியோடு, அத்தனை நிதானமாக நான் ஜெபித்ததில்லை.

படத்தை அவர் வீட்டு ஹாலில் வைத்தே பிரித்தேன். புருவத்தின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நின்றது. நடுவில் மூக்கு, அடுப்புக்கரி. கன்னத்தில் கருப்பு வேர்கள்.

“இது என்னங்க?” என்றார் அவர் மனைவி.

“ஃபிலிம் கெட்டுப்போச்சு” என்றார் முதலாளி.

“தம்பி, ஃபிலிமா கெட்டுப்போச்சு?”

“இல்லக்கா. இதுக்குச் செவப்பு மட்டுந்தான் கருப்பாத் தெரியும். மத்ததெல்லாம் உள்ளபடி.”

அக்கா எழுந்து பழைய இருட்டறைக்குப் போனார். மருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்க்கும் சத்தம் கேட்டது. ஒன்றிடம் வந்ததும் சத்தம் நின்றது. நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

இப்போது மதுவிலக்குச் சபைக்கு வேறு தலைவர். படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. கல்லறைக்கும் அதுதான் என்று அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். முதலாளி தினமும் போன் செய்கிறார். “ஏலே, அந்த மூக்க மட்டும் சரிபண்ணுலே.” பண்ணலாம். நெகட்டிவில் மூக்கு இருக்கும் இடத்தில் மெல்லிய பென்சிலால் தேய்த்தால் போதும், படத்தில் வெளுத்துவிடும். ஆனால் எதிரியின் இமை முடிவரை தெரியும் அந்த நெகட்டிவை வெளிச்சத்தில் பிடிக்கும்போதெல்லாம், என்னிடம் இல்லாத ஒரு முகம்தான் கண்ணில் வந்து நிற்கிறது. பென்சில் மேசைமேல்தான் கிடக்கிறது. இன்னும் சீவவில்லை.