ரத்தத்துக்குக் கோபம் வரவைக்கிற வேலை

அடுத்தவங்க ரத்தத்தை வாங்கி, அதைச் சீண்டிக் கோபப்படுத்தி, அப்புறம் சமாதானம் பண்றதுதான் என் ஆராய்ச்சி. பிஎச்டின்னு மாட்டிக்கிட்டு முழிக்கிற சக பாவப்பட்டவங்களே, கேளுங்க.

விளக்கம் சொன்ன கதை

கிருமியைக் கொல்ல நம்ம உடம்பே சுரக்கிற குட்டிப் புரதத் துண்டுதான் பெப்டைடு. கிருமியோட நச்சு பட்டதும் நம்ம எதிர்ப்பு செல்கள் ஊரைக் கூட்டிக் கத்தும்; அதுதான் வீக்கம், காய்ச்சல் எல்லாம். அந்தக் கூச்சலையும் இதே பெப்டைடு அடக்குது. ரெண்டு பேர் ரத்தத்துல காட்டிட்டேன். மூணாவது ஆள்கிட்டயும் வந்தாத்தான் தீசிஸ். இல்லேன்னா இன்னொரு வருஷம் பெரம்பலூர் ஹாஸ்டல் சாம்பார்.

மூணாவது ஆள், என் அறைத்தோழியோட சித்தப்பா. முந்திரி விவசாயி. ஆண்டிமடத்துலேருந்து பஸ் மாறி வந்து கையை நீட்டினார். விளக்கத்தைக் கேட்டுட்டுச் சொன்னார்: "அடிக்கிறதும் அதே, விலக்கி விடுறதும் அதேவா? எங்க மச்சான் மாதிரியில்ல இருக்கு!"

ஆடின ஆட்டம்

சோதனைத் தட்டோட குட்டிக் குழிகள்ல அவர் ரத்தத்தைப் பிரிச்சு ஊத்தி, சிலதுல நச்சு மட்டும், சிலதுல நச்சோட பெப்டைடும் போட்டேன்; கூச்சல் எவ்வளவோ, குழியில அவ்வளவு மஞ்சள் ஏறணும். பெப்டைடு போட்ட குழியெல்லாம் பளிங்கு மாதிரி தெளிவு. ஐயோ, குதிச்சுட்டேன்! எங்க கைடு மேடம் வந்து தட்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க. "இரும்மா. நச்சு மட்டும் போட்ட குழியிலயும் மஞ்சளைக் காணோமே? கத்தவே கத்தாததை உன் பெப்டைடு எங்க அடக்கிச்சு?"

போன் விசாரணை

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "மாத்திரை எதுவும் சாப்பிடலைன்னு சொன்னீங்களே?"

"மாத்திரையா? அதெல்லாம் நோயாளி சாப்பிடுறது பாப்பா. முந்திரிக்கு மருந்தடிச்ச உடம்பு வலிக்கு நாலு நாளா மெடிக்கல்ல ஒரு செட்டு வாங்கிப் போட்டேன், அவ்வளவுதான்."

செட்டுன்னா, கடைக்காரரே நாலஞ்சு மாத்திரையைக் கலந்து மடிச்சுக் கொடுக்கிற பொட்டலம்; அதுல எதிர்ப்பு செல்களை அடக்குற ஸ்டீராய்டும் இருந்திருக்கு. செல்லெல்லாம் வாயை மூடிக்கிட்டுதான் பஸ்ஸே ஏறியிருக்கு! எனக்கு அழுகையே வந்துட்டுது. "அழாத பாப்பா. ஒரு மாசம் தொடமாட்டேன். அப்புறம் வரேன்."

மஞ்சள் வந்த நாள்

சொன்னபடி வந்தார். நச்சுக் குழி மட்டும் நல்ல மஞ்சள். பெப்டைடு சேர்த்த குழி வெளுப்பு. மேடம் என் முதுகுல ஒரு தட்டுத் தட்டினாங்க. உடனே போன் போட்டு, "ஜெயிச்சுட்டோம் சித்தப்பா!"ன்னு கத்தினேன்.

"ரொம்ப சந்தோஷம் பாப்பா. அப்ப இனிமே நான் அந்தச் செட்டைப் போட்டுக்கலாமுல்ல? ஒரு மாசமா இடுப்பு கழண்டு போவுது."

தீசிஸ்ல 'ஆரோக்கியமான தன்னார்வலர்கள் மூவர்'னு எழுதிட்டேன். அதுல ஒருத்தர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு பஸ் ஏறினதை எந்தப் பக்கத்துல எழுதுறதுன்னுதான் தெரியலை.