பதில் பெஞ்சு

பதில் பெஞ்சின் இடது ஓரத்தில் ஓர் ஆணி தலையை நீட்டிக்கொண்டிருக்கும். உட்காரும்போது பாவாடையைப் பிடித்து இழுக்கும், மறந்துபோய்ச் சட்டென்று எழுந்தால் தொடையைக் கீறிவிடும். ஒன்பதாம் வகுப்பு முழுக்க அந்த ஆணிக்குப் பக்கத்தில்தான் இருந்தேன் என்பதால், இங்கிலீஷ் என்றாலே எனக்கு இன்றைக்கும் முதலில் அந்த எரிச்சல்தான் ஞாபகம் வருகிறது.

ஜவ்வாது மலையில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் வாத்தியார் செங்கத்திலிருந்து பஸ் ஏறி வருவார். பேசிப் பழகினால்தான் பாஷை வரும் என்பது அவர் கட்சி. அதற்காக இரண்டு பெஞ்சுகளை எதிரெதிரே போட்டு, ஒன்றுக்குக் ‘கேள்வி பெஞ்சு’ என்றும் மற்றதற்குப் ‘பதில் பெஞ்சு’ என்றும் பேர் வைத்தார். நன்றாகப் படிக்கிறவர்கள் கேட்பார்கள்; என்னைப் போன்றவர்கள், கரும்பலகையில் எழுதிப் போட்டதை மனப்பாடம் செய்து பதில் சொல்வோம். “ஹவ் டூ யூ கம் டு ஸ்கூல்?” என்று எதிர் பெஞ்சு கேட்கும். முள் குத்திய காலோடு நான்கு கிலோமீட்டர் நடந்து வந்த நான், “ஐ கம் பை பஸ்” என்பேன். நானும் ஒரு நாள் கேட்கிறேன் சார் என்றதற்கு, “மொதல்ல பதிலை ஒழுங்கா சொல்லு, கேள்வியெல்லாம் அப்புறம்” என்றார். அந்த அப்புறம் வருஷம் முடியும்வரை வரவே இல்லை.

வீட்டிலாவது கேட்டுப் பழகலாம் என்றால் அங்கே வேறு வம்பு. ஒரு நாள் காலையில் அம்மா கூடையை எடுத்துக்கொண்டு சாமைக் கொல்லைக்குக் கிளம்பியபோது, “வேர் ஆர் யூ கோயிங்?” என்று கேட்டேன். “இன்னா சொன்னே?” என்றாள். அர்த்தம் சொன்னேன். உடனே கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்; ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி எழுந்தாள்.

“கெளம்புறவங்கள எங்க போறேன்னு கேக்கலாமாடி? போற காரியம் வெளங்குமா?”

“இங்கிலீஷ்லதாம்மா கேட்டேன்.”

“எதுல கேட்டா இன்னா, கேட்டது கேட்டதுதான்.”

அத்தோடு வீட்டிலும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருஷம் புளி உலுக்கும் காலத்தில், மரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் இடது கண்ணில் காய்ந்த குச்சி ஒன்று விழுந்தது. தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே மூன்று நாள் வேலை செய்தாள். நான்காம் நாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். வந்திருந்த டாக்டருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த நர்ஸம்மாவோ சாப்பிடப் போயிருந்தார். “எம் பொண்ணு இங்கிலீஷ் படிக்குது, அது பேசும்” என்று அம்மா என்னை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

டாக்டர் அம்மாவின் கண்ணில் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மலைக்குக் கீழே கையைக் காட்டி ஏதேதோ சொன்னார். ‘ஹாஸ்பிடல்’ என்பது மட்டும் புரிந்தது. மிரண்டு நின்ற என்னைத் தேற்றவோ என்னவோ, பேர் என்ன என்று கேட்டார். சொன்னேன். எந்த வகுப்பு? சொன்னேன். அம்மா என்ன வேலை செய்கிறாள்? “மை மதர் இஸ் எ ஃபார்மர்” என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். “வெரி குட்” என்று என் தோளில் தட்டி, ஒரு சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: “இன்னா சொன்னாரு?”

“கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம்.”

“எப்போ போவணுமாம்?”

நான் டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். ‘வென்’ என்ற சொல் எனக்குத் தெரியாதா என்ன? எதிர் பெஞ்சு அதை என் முகத்துக்கு நேராக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது; என் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. நாலு எட்டு வைத்தால் திரும்ப உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. “புளி உலுக்கி முடிச்சிட்டுப் போலாமாம்” என்று சொல்லிவிட்டேன்.

முடித்துவிட்டுத்தான் போனோம். “உடனே வந்திருக்கணும்மா” என்றார் அங்கிருந்த டாக்டர், நல்ல தமிழில். இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. வாத்தியார் மேல் பாதி, என் மேல் பாதி.

இப்போது வேலூரில் ஓர் ஆபீசில் நாள் முழுக்க போனில் இங்கிலீஷ் பேசுகிறேன். அடுத்தவரைக் கேள்வி கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. அந்த இரண்டு பெஞ்சுகளும் பள்ளிக்கூடத்தில் இல்லை. அம்மாவின் இடது கண்ணில் பார்வையும் இல்லை.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். “அந்த வயசுலயே எம் பொண்ணு டாக்டருகிட்ட இங்கிலீஷ்ல இன்னா பேச்சு பேசுச்சு தெரியுமா? ஒரு எடத்துல நிக்கல!” நான் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்ததால், முகத்தை முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“இல்லடி?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா” என்றேன்.