புதுப் பெயிண்ட் படாத கார் தேடி மைசூருக்கு

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஆறு வருஷமாகியும் கார்ப் பைத்தியத்திலிருந்து எனக்கு விடுதலை கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் நான் லேடி டாக்டர். மிச்ச நேரத்தில் பழைய கார் சேர்ப்பவள். புதுப் பெயிண்ட் பூசிய பழைய வண்டியை நம்பவே மாட்டேன். வாங்கிய நாள் முதல் யாரும் கைவைக்காத, கூரையில்லாத இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் மைசூரில் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கடிதத்தில் விலை பேசிக்கொண்டு தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

காலை ஆறு மணிக்குப் பஸ். சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர் வழியாகச் சுமார் நூற்று முப்பது மைல். கட்டணம் நாலே முக்கால் ரூபாய். திம்பம் வளைவுகளில் குடலைப் புரட்டும். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், முட்டத் தின்றுவிட்டும் போகாதீர்கள். மைசூர் சேர்ந்தது பிற்பகல் இரண்டரை. கார் இருந்த லட்சுமிபுரத்துக்கு ஜட்கா வண்டி எட்டணா.

கார்க்காரர் காலமாகி இரண்டு வருஷம். எனக்குக் கடிதம் எழுதிய அவர் மனைவி ரங்கநாயகி, ஐம்பது வயதிருக்கும், ஷெட்டைத் திறந்துவிட்டார். பச்சைப் பெயிண்ட் வெளிறியிருந்தது. டிரைவர் இருக்கையின் தோல் வெடித்துப் பஞ்சு தெரிந்தது. பக்கத்து இருக்கையோ அன்றுதான் கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

"அடடா, யாரும் உட்கார்ந்த சுவடே இல்லையே! என் அதிர்ஷ்டம்!" என்று துள்ளினேன்.

"உட்கார யார் இருந்தா?" என்றார் அவர். "ஆம்படையாளைப் பக்கத்துல வச்சுண்டு திறந்த வண்டியில போனா ஊர் சிரிக்கும்னுட்டார். பதினாறு வருஷம் வாசல்லேர்ந்து பாத்ததோட சரி."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், தேயாத இடத்தைக் கண்டால் என்னைப்போல் வாயைவிடாமல் இருப்பது நல்லது. பேசிய விலையைக் கொடுத்தேன். சாவி மட்டும் அவர் கையை விட்டு வரவில்லை.

"டாக்டர், இது போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தரம்... நஞ்சன்கூடு வரைக்கும் என்னை அழைச்சுண்டு போறேளா? அங்கேர்ந்து ரயில்ல திரும்பிடறேன்."

அன்று அவர் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் இன்ஜினைக் கிளப்பியதும் எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ரங்கநாயகி ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றார். எங்கே திரும்பிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. "பாக்கட்டும்" என்று சொல்லி உட்கார்ந்தார். ஊர் தாண்டியதும் தலை முக்காடு காற்றில் பறந்தது. அதை அவர் இழுத்து மூடவில்லை.

பதினைந்து மைல். நஞ்சன்கூடு ஸ்டேஷன் வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் இறங்கவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நஞ்சன்கூட்டிலிருந்து மைசூருக்குக் காலை எட்டரை மணிக்கு ஒரு ரயில். அதை விட்டால் அடுத்தது பதினொன்றேகாலுக்கு. இடைப்பட்ட நேரத்தில் குண்டலுப்பேட்டை வரை காரில் போய்த் திரும்பிவிடலாம். நாங்கள் போய்த் திரும்பினோம்.